மனைவி சிரிக்கவில்லை

கணவனுக்கு வேறொரு பெண்ணைப் பார்த்திருப்பதாக இணக்க வாரியத்திலிருந்து செய்தி வந்தபோது ஜெனோவா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். சுவர்த்திரையில் எழுத்துகள் நிதானமாக ஏறின.

'திரு. தங்கப்பழம், திருமதி ஜெனோவா ஆகியோரின் இணக்க எண் நான்காவது வாரமாகச் சுழியம். ஆழ்செவி நிலையத்தின் அடுத்த நான்காண்டுப் பணிக்குத் திரு. தங்கப்பழத்துடன் செல்ல, திருநெல்வேலியைச் சேர்ந்த பெண் ஒருவர் (உத்தேச எண் 71) கண்டறியப்பட்டுள்ளார். மறுப்பு இருப்பின் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் வரவும்.'

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த தங்கப்பழமும் அதைப் படித்தான். முகத்தில் ஒரு நரம்புகூட அசையவில்லை.

"எழுவத்தொண்ணா? பரவால்லியே. அந்தப் பொண்ணுக்குச் சமைக்கத் தெரியுமாமா?"

"நீங்க சமைச்சிப் போடுவீயன்னு சொல்லியிருப்பாவ."

"அப்ப எழுவத்தொண்ணு நிக்காது. ரெண்டாம் நாளே எறங்கிரும்."

அவள் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை. இருவர் கழுத்தெலும்புக்குக் கீழும் பொட்டளவில் ஒட்டியிருந்த சிரிப்புமானிகள் எதையும் பதியவில்லை. சமையலறைத் தரையில் ஜெனோவாவின் கால்விரல்கள் மட்டும் உள்நோக்கி மடங்கி, பிறகு மெல்ல விரிந்தன.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் டாக்டர் மீனலோசனி கண்டுபிடித்தது எளிமையான ஓர் உண்மை. இருவர் சேர்ந்து மனதாரச் சிரிக்கும்போது மூச்சு ஒரே விதமாக உடைகிறது. சில விநாடிகளுக்கு இரண்டு இதயங்களும் ஒரே தாளத்தில் ஓடுகின்றன. அதற்கு அவர் இணைத்துடிப்பு என்று பெயர் வைத்தார். ஒன்பதாயிரம் தம்பதிகளை ஆறு ஆண்டுகள் பின்தொடர்ந்தார். சேர்ந்து சிரித்தவர்கள் பெரும்பாலும் சேர்ந்தே இருந்தார்கள். சிரிப்பு நின்றுபோன வீடுகளில் முதலில் பேச்சு நின்றது, பிறகு ஒருவர் பெட்டியைக் கட்டினார். இதைத் தவறென்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஜெனோவாவுக்கும் அது தவறென்று தோன்றியதில்லை. அவளுக்கு உறுத்தியது அதற்குப் பிறகு நடந்ததுதான். உண்மை ஒரு கருவியாயிற்று. கருவி ஓர் எண்ணைத் தந்தது. எண் சட்டமாயிற்று.

இப்போது இருவர் சேர்ந்து வீடு பெறவும், பிள்ளை தத்தெடுக்கவும், இருவராகச் செய்யும் பணிக்குப் போகவும் இணக்கச் சான்று வேண்டும். நாற்பதுக்குக் கீழே போனால் சட்டத்தின் கண்ணில் அவர்கள் இணை இல்லை. வாரியக்கூடத்தில் ஒருவருக்கு வேறொருவரோடு கூடுதல் எண் பதிவானால் அந்த எண்தான் முந்தும். 'சாதி கேட்க மாட்டோம், மதம் கேட்க மாட்டோம், ஆணா பெண்ணா என்றும் கேட்க மாட்டோம். சிரிப்பு ஒன்றை மட்டுமே கேட்போம்' என்று மீனலோசனி அறிவித்த அன்று நாடே கைதட்டியது. பெற்றோரோடு ஏழு ஆண்டுகள் மல்லுக்கு நின்று கல்யாணம் செய்துகொண்ட ஜெனோவாவின் அம்மா எழுந்து நின்றே தட்டினாள்.

மக்கள் சீக்கிரம் பழகிக்கொண்டார்கள். கிச்சுகிச்சு மூட்டினால் கருவி கண்டுகொள்ளும், கணக்கில் சேர்க்காது. பொய்ச் சிரிப்புக்கு ஒரு மட்டமான ஒலியெழுப்பிக் காட்டிக்கொடுக்கும். கணவன் வழுக்கி விழுந்தால்தான் மனைவி மனதாரச் சிரிக்கிறாள் என்று எப்படியோ ஊருக்குத் தெரிந்துவிட்டது. தூத்துக்குடி மில்லர்புரத்தில் அவர்கள் குடியிருந்த அடுக்ககத்தில் மாலை ஆனால் தடால் தடாலென்று ஆண்கள் விழும் சத்தம் கேட்கும். முழங்கால் மருத்துவர்கள் புதிதாக மூன்று பேர் அந்தத் தெருவில் பலகை மாட்டியிருந்தார்கள்.

தங்கப்பழம் விழுந்ததில்லை. அவன் விழவே தேவையில்லாத ஆள். அவனுக்கும் ஜெனோவாவுக்கும் நடுவில் இருந்த சிரிப்பு கடலுக்கடியில் பிறந்தது.

தூத்துக்குடிக்குத் தென்கிழக்கே, ஆயிரத்து இருநூறு மீட்டர் ஆழத்தில், கடல்தரையோடு ஒட்டி ஓர் இரும்புக்கோளம் உட்கார்ந்திருக்கிறது. அதுதான் ஆழ்செவி. நிலத்தட்டுகள் நகரும் முனகலைக் கேட்டு, பேரலை வருமுன் கரைக்குச் சொல்வது அதன் வேலை. உள்ளே இரண்டே பேர். கேட்பறையில் பேசக் கூடாது, இருமக் கூடாது, நாற்காலியை நகர்த்தக் கூடாது. அத்தனை கூர்மை அதன் செவிகளுக்கு.

பதினோரு ஆண்டுகளுக்கு முன், பணியில் சேர்ந்த முதல் மாதம், கடல்தரையிலிருந்து கடமுடவென்று ஒரு நீண்ட ஓசை வந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த தங்கப்பழம் என்ற புதிய ஆள், மிகுந்த அக்கறையோடு தன் பையைத் திறந்து, ஓமத்திரவ பாட்டிலை எடுத்து ஒலிவாங்கியின் முன்னால் வைத்தான். ஜெனோவா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைச் செவிகள் நிலநடுக்கம் என்று எடுத்துக்கொண்டன. தூத்துக்குடி முதல் கன்னியாகுமரி வரை அபாயச்சங்கு ஊதியது. இருபத்திரண்டு கிராமங்கள் மேடேறின. மணப்பாட்டில் ஒரு மணப்பெண் முகூர்த்தச் சேலையோடு மணல்மேட்டில் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். விசாரணை அறிக்கையில் ஒரே வரி: 'காரணம், பணியாளர் சிரிப்பு.'

அதற்குப் பிறகு அவர்கள் கற்றுக்கொண்டார்கள். முதலில் சத்தத்தை விழுங்கினார்கள். சிரிப்பு தோளுக்குப் போயிற்று. தோள் குலுங்கினால் நாற்காலி கிறீச்சிட்டது. தோளை அடக்கினால் மூச்சு வெடித்தது. மூச்சையும் அடக்கினார்கள். சிரிப்பு உடம்பைவிட்டு வெளியேறுவதில்லை, இடம் மட்டும்தான் மாறுகிறது என்று ஜெனோவா அப்போது தெரிந்துகொண்டாள். கடைசியில் அது கால்விரல்களில் போய் ஒதுங்கியது. ரப்பர் காலுறைக்குள் விரல் மடங்கினால் கடலுக்குக் கேட்காது. அவன் கல் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு எதையாவது செய்வான். பிறகு மேசைக்கடியில் குனிந்து அவள் கால்களைப் பார்ப்பான். முகம் உடைந்தவர் தோற்றவர். ஏழாவது மாதம் விடுப்பில் கரைக்கு வந்து கல்யாணம் செய்துகொண்டார்கள். பாதிரியார் முன்னால்கூட அந்த ஆட்டம் நடந்தது. இருவரும் தோற்கவில்லை.

கரையிலும் அது மாறவில்லை. மாற்ற முடியாமல் இல்லை, மாற்ற விருப்பம் இல்லை. ஆழ்செவிப் பணியாளர்களுக்கு இந்த ஆண்டு வரை சான்று கேட்கப்படவில்லை. இப்போது கேட்டார்கள்.

செய்தியோடு ஓர் இணைப்பும் வந்திருந்தது. தங்கப்பழம் அந்த வாரம் பிறரோடு சிரித்தது இருநூற்றுப் பன்னிரண்டு முறை. டீக்கடையில், மீன் சந்தையில், லிஃப்ட் பழுதுபார்க்க வந்தவரோடு. மனைவியோடு சுழியம்.

இதில் புதிதாக எதுவும் இல்லை என்று ஜெனோவாவுக்குத் தெரியும். அவள் கணக்கும் அப்படித்தான் இருந்தது; பக்கத்து வீட்டுக்காரியோடு மட்டும் அறுபது முறை. ஆனாலும் அந்த இருநூற்றுப் பன்னிரண்டு அவளுக்குள் எங்கோ போய் உட்கார்ந்துகொண்டது. குழம்பைக் கிளறும்போது, துணியை உதறும்போது, அது எழுந்து வந்து ஒரு கேள்வி கேட்டது. நீங்கள் இருவரும் ஆட்டம் என்று சொல்லிக்கொண்டு ஒருவரிடமிருந்து ஒருவர் ஒளிவதில் தேர்ந்துவிட்டீர்களோ? டீக்கடைக்காரருக்குக் காட்டும் பல்லை அவன் உனக்கு ஏன் காட்டுவதில்லை? எண் அப்படித்தான் வேலை செய்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. அது பொய் சொல்வதில்லை. உண்மையின் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, உண்மையை நகரச் சொல்கிறது.

செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்ததும் அவளே ஆரம்பித்தாள்.

"ஏங்க, ரெண்டு நாளைக்கு வாயத் தொறந்துதான் சிரிச்சித் தொலைப்போமே. கடலுக்குப் போனப்புறம் எவன் பாக்கப் போறான்?"

அவன் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். "சரி. வாரியத்துல ஒரு தாள் குடுத்திருக்காவ. அதுல ரெண்டாவது நல்லாருக்கும்போல."

எழுந்து நின்று, ஒரு மருத்துவரும் நோயாளியும் பேசிக்கொள்ளும் துணுக்கை இரண்டு குரலில் படித்தான். கையை ஆட்டினான். கடைசி வரியைச் சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். பதினோரு ஆண்டில் அவன் ஒருமுறைகூட இப்படி அவள் முகத்தைப் பார்த்து எதையும் எதிர்பார்த்ததில்லை. தேர்வு எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளையின் முகம் அது. அதைத் தாங்க முடியாமல் அவள் சிரித்தாள். ஹ, ஹ, ஹ என்று மூன்று முறை. அவள் கழுத்துக்குக் கீழே கருவி மட்டமாக ஒலித்தது. அது ஒலிக்கும் முன்பே அவன் முகம் மாறியிருந்தது.

தாளை மடித்து மேசைமேல் வைத்தான்.

"ஏட்டி ஜெனோ, நீ எங்கிட்ட இதுவரைக்கும் பொய் சொன்னதில்ல."

அவள் தலை குனிந்தாள். "ஒங்களப் பாக்கப் பாவமா இருந்திச்சி, அதான்."

"ஒன்னச் சிரிக்க வைக்க முடியாமப் போனா நான் தாங்கிருவேன். நீ எனக்காகச் சிரிக்கிற நெலம வந்தா, அது என்ன பொழப்பு?"

"அப்ப வியாழக்கெழம?"

"சைபராவே போவோம்."

"பிரிச்சிருவாவ."

"பிரிக்கட்டும். சேந்து தோத்துட்டு வருவோம்."

அவன் எழுந்து தட்டுகளைக் கழுவப் போனான். ஜெனோவா அங்கேயே உட்கார்ந்திருந்தாள். கேட்பறையின் இருட்டை நினைத்துக்கொண்டாள். பச்சை விளக்கு, கடலின் நெடிய மூச்சு, பக்கத்தில் அவன். அந்த இருட்டைத் தவிர வேறெங்கும் அவளுக்கு வேலை தெரியாது. அங்கே இன்னொருத்தி உட்காரப் போகிறாள். அவள் எழுபத்தொன்று எண்ணுக்குச் சிரிப்பாள். பயம் வந்தது. அதன் பின்னாலேயே, அவளே எதிர்பாராத ஒரு பிடிவாதமும் வந்தது.

வியாழக்கிழமை வாரியக்கூடத்தில் ஐம்பது பேருக்குமேல் இருந்தார்கள். கதவருகே நின்ற ஓர் இளம் ஜோடி கடைசி நேரப் பயிற்சியாக ஒருவர் முகத்தைப் பார்த்து ஒருவர் பழிப்புக் காட்டிக்கொண்டிருந்தது. முன்சுவரில் பெரிய ஏற்பி. கூடத்தில் உள்ள எல்லாக் கருவிகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எங்கே இணைத்துடிப்பு நிகழ்ந்தாலும் மணியடித்துப் பெயர்களைக் காட்டும். ஆழ்செவி முக்கியமான நிலையம் என்பதால் டாக்டர் மீனலோசனியே சென்னையிலிருந்து வந்திருந்தார். ஐம்பது வயதைத் தாண்டிய, ஒடிசலான பெண். கஞ்சி போட்ட பருத்திச் சேலை. அவர் கழுத்துக்குக் கீழும் கருவி இருந்தது. அவருக்கும் அவர் கணவருக்கும் எண் அறுபத்திரண்டு என்பது பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது.

"உட்காருங்க," என்றார். "உங்க மேல எந்தக் குற்றமும் இல்லை. கடலுக்கடியில ரெண்டே பேர், நாலு வருஷம். இணக்கம் இல்லாதவங்களை அப்படி அடைச்சு வைக்கிறது கொடுமை. அதைத் தடுக்கத்தான் நாங்க இருக்கோம். பரமசிவன், பதிவைப் படிங்க."

எழுத்தர் பரமசிவன் எழுந்தார். முப்பது ஆண்டுகள் நீதிமன்றத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். மரண தண்டனையையும் மதிய உணவு இடைவேளையையும் ஒரே குரலில் படிக்கக்கூடியவர். கருவியும் சுவர்த்திரையும் பதிந்திருந்த ஒரு வார வீட்டு நடப்பைத் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார்.

"ஞாயிறு காலை எட்டு மணி பத்து நிமிடம். கணவர் சிரிப்புமானியின் பயன்பாட்டுக் கையேட்டை முப்பது நிமிடம் ஊன்றிப் படித்தார். பின்பு கண்ணைத் துடைத்துக்கொண்டார். மனைவி: 'என்னாச்சி?' கணவர்: 'முடிவு மனச என்னமோ பண்ணிட்டு. பேட்டரி செத்துப் போவுது.' மனைவி: 'நான் இன்னும் படிக்கல, அதுக்குள்ள முடிவச் சொல்லிட்டீயளே.' மனைவி சிரிக்கவில்லை. கணவர் சிரிக்கவில்லை."

பின்வரிசையில் யாரோ மூக்கைச் சிந்துவதுபோல் கைக்குட்டையை எடுத்தார்கள்.

"திங்கள் காலை. கணவர் தோசை வார்த்தார். மனைவி தோசையை உற்றுநோக்கி: 'இது இலங்கை மேப்புல்லா?' கணவர்: 'ஆமா. யாழ்ப்பாணம் பக்கம் தொடாத. பேச்சுவார்த்தை நடக்கு.' மனைவி தெற்குப் பகுதியை மட்டும் சாப்பிட்டு எழுந்தார். மனைவி சிரிக்கவில்லை. கணவர் சிரிக்கவில்லை."

ஏற்பியின் மணி இருமுறை அடித்தது. பழிப்புக் காட்டிக்கொண்டிருந்த ஜோடிக்கு எண்பத்தொன்று வந்திருந்தது. பரமசிவன் மணி ஓயும்வரை காத்திருந்தார்.

"புதன் மாலை. மனைவியின் தாயார் தொலைபேசியில் அழைத்ததைக் கணவர் தெரிவிக்கிறார். 'ஒங்கம்ம கடலு எப்படி இருக்குன்னு கேட்டாவ. ஈரமாத்தான் இருக்குன்னு சொன்னேன்.' மனைவி சிரிக்கவில்லை. கணவர்..."

"நிறுத்துங்க," என்றார் மீனலோசனி.

அவர் மேசையைத் தாண்டி, குனிந்து, ஜெனோவாவின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தங்கப்பழத்தின் கால்களை. செருப்புக்குள் பத்துப் பத்து விரல்களும் நண்டுக் கால்களைப்போல மடங்கி இறுகியிருந்தன. இருவர் முகமும் துக்க வீட்டு முகம்.

"கடவுளே," என்றார் மெதுவாக. எழுந்து வந்து அவர்கள் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். கண்களில் அதிகாரம் போய்ப் பழைய ஆராய்ச்சிக்காரி எட்டிப் பார்த்தாள். "நீங்க சிரிக்கிறீங்க. நாள் முழுக்கச் சிரிக்கிறீங்க. என் கருவிதான் தப்பான இடத்துல பார்த்துக்கிட்டிருக்கு. எத்தனை வருஷமா?"

"பதினொண்ணு," என்றாள் ஜெனோவா.

"பாதத்துல ரெண்டு உணரி வெச்சா போதும். ஒரே வாரம். நாட்டிலேயே பெரிய எண் உங்களுதா இருக்கும். இன்னிக்கே தற்காலிகச் சான்று தர்றேன், திங்கட்கிழமை ரெண்டு பேரும் கடலுக்குப் போகலாம். அடுத்த பொங்கலுக்குள்ள எல்லாருக்கும் புதுக் கருவி. அடக்கின சிரிப்பையும் எண்ணிடலாம். எத்தனை ஜோடிங்க உங்களால காப்பாத்தப்படுவாங்க, யோசிச்சுப் பாருங்க!"

தங்கப்பழம் ஜெனோவாவைப் பார்த்தான். முடிவு உன்னுடையது என்ற பார்வை. அவனுக்கு அந்த இருட்டறை எவ்வளவு பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். தலையை ஆட்டினால் போதும். அவன் பக்கத்து நாற்காலி அவளுடையது.

அவள் யோசித்தாள். இனி நாடு முழுக்கப் பெண்கள் குனிந்து கணவன் கால்களைப் பார்ப்பார்கள், அங்கே என்ன எண் என்று. தெருவுக்கு மூன்று கால்விரல் மருத்துவர்கள் வருவார்கள். அது போகட்டும். நாளை தங்கப்பழம் கல் முகத்தோடு ஏதாவது சொல்லும்போது, விரல் மடங்குகிறதா என்று முதலில் பார்க்கப் போவது அவன் இல்லை, அவளேதான். செவ்வாய்க்கிழமை அவள் வாயிலிருந்து வந்த அந்த மூன்று ஹ, கீழே இறங்கி, கால் வரை போய்விடும். பிறகு ஒதுங்க உடம்பில் வேறு இடம் இருக்காது.

"வேண்டாம் மேடம்."

"ஏன்?"

"என் வெரலு எனக்கே தெரியாம மடங்குது. நீங்க எண்ணத் தொடங்குன அன்னைக்கு, நான் மடக்க ஆரம்பிச்சிருவேன்."

மீனலோசனி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். குரலில் அதிகாரம் திரும்ப வந்தது. "அப்போ சுழியம்னுதான் பதிவாகும்."

"ஆவட்டும்."

"உங்க கணவர் வேறொருத்தரோட..."

"நான் போவல," என்றான் தங்கப்பழம்.

"வேலையே போயிடும். வீடும் போகும். தனித்தனி விடுதி. புரிஞ்சுதான் பேசுறீங்களா?"

"புரிஞ்சிதான் மேடம்," என்றாள் ஜெனோவா. "எங்கள இணை இல்லன்னு எழுதுங்க. எழுதுனா எழுத்துதான் மாறும். நாங்க எப்படிச் சிரிக்கணும்னு உங்கட்டச் சான்று வாங்க நாங்க வரல."

மீனலோசனி திரும்பிப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். "கடைசியா ஏதாவது சொல்ல விரும்புறீங்களா?"

தங்கப்பழம் கையை உயர்த்தினான்.

"பதிவுல ஒரு தப்பு இருக்கு மேடம். புதன்கெழமையில. 'ஈரமாத்தான் இருக்கு'ன்னு நான் சொல்லல. 'லேசா ஈரமா இருக்கு'ன்னுதான் சொன்னேன். அவுங்க அம்மைக்கு வயசாயிட்டு. மொத்தமாச் சொன்னா பயந்துருவாவ."

பரமசிவன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எழுதினார். "திருத்தம். கடல் லேசாக ஈரம்." நிமிர்ந்தார். "மனைவி அதற்குச் சிரித்தாரா?"

"இல்ல சார். உள்ள போயித் துண்டு எடுத்தாந்தா."

பரமசிவன் எழுதினார். "மனைவி துண்டு கொண்டுவந்தார்." மறுபடி நிமிர்ந்தார். அவருக்கு முழுமை வேண்டும். "யாருக்கு?"

"கடலுக்கு."

"கடலுக்குத் துண்டு," என்று எழுதினார் பரமசிவன், ஒவ்வொரு சொல்லாக.

மீனலோசனி உதட்டைக் கடித்தார். பேனாவை இறுக்கினார். மேசைமேல் இருந்த தண்ணீர்க் குவளையை எடுத்து, குடிக்காமல் வைத்தார். ஜெனோவா அதைக் கண்டாள். அவளுக்கு அந்தப் போராட்டம் நன்றாகத் தெரியும். மூச்சு எங்கே முட்டும், தோள் எப்போது துரோகம் செய்யும் என்று ஒவ்வொரு படியும் தெரியும். இந்தப் பெண் முதல் மாதத்தில் இருக்கிறாள், தாங்க மாட்டாள் என்று நினைத்தாள். நினைத்து முடிப்பதற்குள் மீனலோசனியின் மூக்கிலிருந்து குக்கர் விசில்போல ஒரு சத்தம் பீறிட்டது.

அந்தச் சத்தத்தில் ஜெனோவா உடைந்தாள். பதினோரு ஆண்டுச் சிரிப்பு கால்விரல்களிலிருந்து கிளம்பி, முழங்கால், வயிறு, தோள் எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு வாய்வழியே வெளியே வந்தது. மீனலோசனி மேசைமேல் கவிழ்ந்து குலுங்கினார். "லேசா... லேசா ஈரம்..." என்று சொல்ல முயன்று முடியாமல் மேசையைத் தட்டினார். இருவர் கண்ணிலும் நீர் கொட்டியது. தங்கப்பழமும் பரமசிவனும் அந்தக் கூடத்தில் நிமிர்ந்து, இறுகிய முகத்தோடு இருந்தார்கள். ஒருவன் ஜெயித்தவன். மற்றவர் எழுதிக்கொண்டிருப்பவர்.

ஏற்பியின் மணி நீளமாக அடித்தது.

'மீனலோசனி, ஜெனோவா. இணைத்துடிப்பு 14 விநாடி. இணக்க எண் 94.'

சிரிப்பு அடங்கும்போது ஜெனோவா கணவனைப் பார்த்தாள். அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஓமத்திரவ நாளுக்குப் பிறகு அவன் முன்னால் அந்தச் சத்தம் இப்போதுதான் கேட்கிறது. சுவரில் அவன் பெயர் இல்லை. சிரிக்க வைத்தவனை எண்ண அந்த இயந்திரத்தில் இடமே வைக்கப்படவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

பரமசிவன் சட்டப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். "விதி ஒன்பது, மேடம். மேல் எண் முந்தும். மேடத்துக்கும் மேடத்தோட வீட்டுக்காரருக்கும் அறுபத்திரண்டு. அது இந்த நிமிஷத்துலேருந்து நிறுத்திவைக்கப்படுது. ஆழ்செவிப் பணிக்குத் தகுதியான இணை..." சுவரைப் பார்த்துச் சரிபார்த்துக்கொண்டார். "மேடமும் இந்த அம்மாவும்."

மீனலோசனி கண்ணைத் துடைத்தார். "என்ன பேசுறீங்க? எனக்குக் குடும்பம் இருக்கு. இருபத்தாறு வருஷம்."

"எனக்குப் பதினொண்ணு," என்றாள் ஜெனோவா. எழுந்து நின்றாள். "நாலு வருசம் மேடம். கம்பளி எடுத்துக்கோங்க. உள்ள குளிரும். வீட்டுல சொல்லிட்டு வந்துருங்க, பாவம், தேடுவாவ."

"இது கோளாறு. ஏதோ ஒரு... இது இயந்திரக் கோளாறு!"

"அப்படியே எழுதிக் குடுங்க."

மீனலோசனி சுவரில் இருந்த தொண்ணூற்று நான்கை நெடுநேரம் பார்த்தார். அது பொய் இல்லை என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? அவர் உண்மையாகத்தான் சிரித்திருந்தார், ஒருவேளை பல ஆண்டுகளுக்குப் பிறகு. அந்த உண்மையைக் கொண்டு அவரை எங்கே அனுப்பலாம் என்பதைத்தான் அவரே சட்டமாக எழுதி வைத்திருந்தார். பேனாவை எடுத்தார். 'இன்று இக்கூடத்தில் பதிவான எண்கள் யாவும் கருவிக் கோளாறால் செல்லாது. ஆழ்செவிப் பணியில் பழைய ஏற்பாடே தொடரும்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். தாளை நீட்டும்போது ஜெனோவாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

பரமசிவன் தாளை வாங்கி இருமுறை படித்தார்.

"ஒரு சந்தேகம், மேடம். ரெண்டு வருஷமா இந்தக் கூடத்துல இதே ஏற்பிதான். இன்னிக்கு மட்டும் கோளாறுன்னு போடவா, வெச்ச நாள்லேருந்துன்னு போடவா?"

மீனலோசனி பேனாவை மூடினார். தங்கப்பழம் ஜெனோவாவின் கையைப் பிடித்து, போகலாம் என்று லேசாக இழுத்தான். அவர்களுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை படகு.

அப்போது கூடத்தின் நடுவிலிருந்து நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி எழுந்தாள். மடியில் ஒரு கோப்பு. கையில் பேருந்துச் சீட்டு கசங்கியிருந்தது. குரல் சரியாக எழவில்லை.

"போன சித்திரையில எங்க வீட்டுக்காரரயும் என்னயும் பிரிச்சது... இந்த மெசினுதானே?"

பரமசிவன் அவளைப் பார்த்தார். மீனலோசனி தாளைப் பார்த்தார். அந்தப் பெண் தான் பேசியதற்கே பயந்தவள்போல மறுபடி உட்காரப் போனாள்.

ஜெனோவா கணவனின் கையை விடுவித்துக்கொண்டு திரும்பி நடந்தாள். வரிசைகளுக்கு நடுவே புகுந்து அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய் நின்றாள்.

"உக்காராதீய அக்கா. இன்னொரு தடவ கேளுங்க," என்றாள். "சத்தமா."